லாங்ரைஃபிள் கட்டைக்கு கலரும் எண்ணெயும் போடும்போது வர்ற குறைகள்: எதைப் பார்த்தா எது காரணம், எப்படி சரி பண்றது

பென்சில்வேனியா லாங்ரைஃபிள்னு சொல்ற அந்த நீளமான, வாய் வழியா வெடிமருந்து போட்டு கெட்டிக்கிற துப்பாக்கியை கையால கட்டுறவங்க நிறைய பேர் பேரல் (குழல்) பதிக்கிறது, லாக் (மருந்தைப் பத்த வைக்கிற பொறி) பொருத்துறது, பித்தளை வேலை எல்லாத்தையும் மாசக்கணக்குல பொறுமையா பண்ணிட்டு, கடைசி ரெண்டு வாரம் கட்டைக்கு, அதாவது துப்பாக்கியோட மரப் பகுதிக்கு, கலரும் எண்ணெயும் போடற நேரத்துல அவசரப்பட்டுடறாங்க. அங்கதான் எல்லாம் கெடுது. நான் இருக்கிறதும் பென்சில்வேனியாதான். 1700கள்ல ஜெர்மனியிலயும் சுவிட்சர்லாந்துலயும் இருந்து வந்த துப்பாக்கி ஆசாரிங்க லான்காஸ்டர், பெர்க்ஸ், யார்க் பக்கமெல்லாம் பட்டறை போட்டு இந்த துப்பாக்கிகளை செஞ்ச ஊரு இது, இங்க மியூசியத்துல 200 வருஷத்துக்கு மேல ஆன கட்டைங்களை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தா இன்னைக்கும் மேப்பிள் மரத்தோட வரி உள்ளேர்ந்து மின்னும். அந்த மினுமினுப்புதான் நமக்கு வேணும். நான் இதுவரைக்கும் அஞ்சு கட்டை முடிச்சிருக்கேன், அதுல ரெண்டை முழுசா சுரண்டி எடுத்துட்டு மறுபடி முதல்லேர்ந்து போட்டேன், கீழ எழுதுறதுல பாதி அந்த ரெண்டு கட்டை சொல்லிக் கொடுத்ததுதான்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. குறை கண்ணுக்குத் தெரியுற இடம் வேற, குறை பிறந்த இடம் வேற. எண்ணெய் போட்டப்புறம் தெரியுற கோடு உப்புத்தாள் தேய்க்கும்போதே விழுந்தது, எண்ணெயோட தப்பு இல்ல. அதனால ஏதாவது சரியில்லன்னா அதுக்கு மேல இன்னொரு கோட் போட்டு மறைக்கப் பார்க்காதீங்க, காய்ச்சக்காரனுக்கு போர்வை மேல போர்வை போத்துற கதைதான் அது. நிறுத்திட்டு ஒரு படி பின்னால போங்க.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். புதுசா கட்டுறவங்களுக்கு இல்ல, வீட்டுல கிடந்த பழைய துப்பாக்கியோட கட்டையை புதுப்பிக்கிறவங்களுக்கு: முதல்ல ராம்ராடை, அதாவது மருந்தைக் கெட்டிக்கிற குச்சியை, வாய்க்குள்ள அடி வரைக்கும் விட்டு, வாய் கிட்ட ஒரு குறி போட்டு, அதை வெளிய எடுத்து பேரல் மேல வச்சுப் பாருங்க. குச்சி நுனி டச்ஹோல் (பேரல் அடியில மருந்துக்கு நெருப்பு போற ஓட்டை) கிட்ட வரைக்கும் வரணும். ரெண்டு மூணு இஞ்ச் குறையுதுன்னா உள்ள மருந்தும் குண்டும் இன்னும் இருக்கு, எத்தனை வருஷம் ஆனாலும் கருமருந்து வெடிக்கும், தொடாம தெரிஞ்ச கன்ஸ்மித் கிட்ட கொண்டு போங்க. ரெண்டாவது, சட்டம். அமெரிக்காவுல 1968 ஃபெடரல் சட்டப்படி இந்த மாதிரி மஸில்லோடர் (வாய் வழியா மருந்து போடற துப்பாக்கி) பழங்கால ஆயுதக் கணக்குல வரும், ஆனா ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் தனி ரூல் இருக்கு. இந்தியாவுல அப்படி இல்ல, 1959 ஆயுதச் சட்டப்படி மஸில்லோடருக்கும் லைசென்ஸ் வேணும், ஊர்ல இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு கட்ட ஆரம்பிச்சுடாதீங்க. மர வேலை நுணுக்கம் மட்டும் வேணும்னா தாராளமா எடுத்துக்கங்க, நாற்காலி கையிலயும் இதே குறைங்கதான் வரும்.

நான் சொல்றது பெரும்பாலும் மேப்பிளுக்கு. சுகர் மேப்பிள் கெட்டி, ரெட் மேப்பிள் கொஞ்சம் மெத்து, ரெண்டுலயும் புலிவரி வரும். வால்நட் கட்டைக்கு மாறுற இடத்துல அங்கங்க சொல்றேன்.

கலர் போட்டதும் குறுக்கால கீறல் கீறலா தெரியுது

இதுதான் எல்லாருக்கும் முதல்ல வர்றது. வெள்ளையா இருக்கும்போது கட்டை வழவழன்னு இருந்துச்சு, கையால தடவினா பட்டு மாதிரி இருந்துச்சு, கலர் பட்டதும் பூனை பிராண்டின மாதிரி கோடு. காரணம், அரம் போட்ட தடமோ 80 நம்பர் உப்புத்தாள் தடமோ முழுசா போகாம அடுத்த நம்பருக்கு தாவியிருக்கீங்க. கலர் அந்த பள்ளத்துல போய் தேங்குது.

கலர் போடறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கு. ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு ஒரே ஒரு டேபிள் லேம்ப்பை கட்டைக்கு பக்கவாட்டுல, கிட்டத்தட்ட படுத்த நிலையில வச்சுட்டு கட்டையை மெதுவா உருட்டிப் பாருங்க. மேலேர்ந்து அடிக்கிற வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாத இடம் இப்ப உழுத வயல் மாதிரி தெரியும். பென்சில்ல வட்டம் போட்டு வட்டம் போட்டு அந்த இடத்தை மட்டும் ரேகை போற திசையில தேய்ங்க. முக்கியமா பார்க்க வேண்டியது லாக் பேனலை (லாக் உட்கார்ற பக்கம்) சுத்தி, ரிஸ்ட்டுக்கு (கை பிடிக்கிற ஒடுங்கின இடம்) கீழ, சீக் பீஸுக்கு (கன்னம் வைக்கிற மேடு) அடி, இந்த மூணு இடத்துலயும் கை நேரா போகாது, அதனால குறுக்கால தேய்ச்சிருப்போம்.

கலர் போட்டப்புறம்தான் தெரிஞ்சுச்சுன்னா, அந்த இடத்தை மட்டும் ஸ்கிராப்பரால (சுரண்டுற இரும்புத் தகடு) கலர் போற வரைக்கும் சுரண்டி, மறுபடி தேய்ச்சு, மறுபடி கலர் போடலாம். அக்வா ஃபோர்ட்டிஸ் (இரும்பு கரைச்ச கலர்த் தண்ணி, கீழ சொல்றேன்) போட்ட கட்டைன்னா இது நல்லாவே ஒட்டிக்கும், திட்டு தெரியாது. கடை ஸ்டெயின் போட்டிருந்தா எல்லை தெரியும், அந்தப் பக்கம் முழுசா எடுத்துடறது நல்லது.

எத்தனை நம்பர் வரைக்கும் தேய்க்கணும்னு கேப்பாங்க. நான் 220, மிஞ்சிப் போனா 320, அதோட நிறுத்திடுவேன். 600 வரைக்கும் போய் கண்ணாடியாக்கினா கலர் உள்ள இறங்காது. பழைய ஆளுங்க பெரும்பாலும் ஸ்கிராப்பராலயே முடிச்சாங்க.

கட்டை அலை அலையா இருக்கு, துணி துவைக்கிற கல்லு மாதிரி

புலிவரி மேப்பிள்ல அதிகமா வர்ற வியாதி. வரின்னா என்ன, நார் மேலயும் கீழயும் வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, அதனால ஒரு பட்டையில நாரோட பக்கம் மேல இருக்கும், அடுத்த பட்டையில நார் நுனி மேல இருக்கும். விரலை வச்சு உப்புத்தாள் தேய்ச்சா மெத்தா இருக்கிற பட்டை சீக்கிரம் தேயும், மத்தது நிக்கும். எண்ணெய் போட்டு பளபளப்பு வந்ததும் அலை தெரியும். எப்பவுமே உப்புத்தாளுக்கு பின்னால கெட்டியா ஒரு சின்ன மரத்துண்டு வச்சுக்கங்க, வளைவுக்கு கெட்டி ரப்பரோ பழைய செருப்பு அடியோ வெட்டி வச்சுக்கலாம்.

ஸ்கிராப்பராலயும் அலை வரும், அது வேற அலை. பிளேடை வரிக்கு நேரா இழுத்தா டக் டக் டக்னு துள்ளும், ஒரு தடவை துள்ளின தடத்துல அடுத்த தடவையும் துள்ளும். பிளேடை சாய்ச்சு பிடிங்க, ஒவ்வொரு இழுப்புக்கும் சாய்வை மாத்துங்க, விளிம்பை தீட்டுங்க. மொக்கை ஸ்கிராப்பர் தூசிதான் எடுக்கும், நல்லா தீட்டினது மெல்லிசா சுருள் எடுக்கும், அந்த சுருள் வருதான்னு பாருங்க, அதுதான் கணக்கு.

கலர் போட்டதும் கட்டை முடி முளைச்ச மாதிரி சொரசொரன்னு ஆயிடுச்சு

தண்ணி பட்டா நார் எழும். இதுல பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா முன்னாடியே செஞ்சிருக்க வேண்டிய வேலை. ஈரத்துணியால கட்டையை முழுக்க துடைச்சு, நல்லா காய விட்டு, எழுந்த மயிரை மட்டும் 320ல மெதுவா, அழுத்தாம, வெட்டி விடணும். இதை ரெண்டு மூணு தடவை பண்ணினா அப்புறம் எழாது. அழுத்தித் தேய்ச்சீங்கன்னா எழுந்த மயிரை மறுபடி உள்ள அமுக்கி படுக்க வைக்கிறீங்க, புதுசா மயிரையும் உண்டாக்குறீங்க, அது முடிவே இல்லாம போகும்.

கலர் போட்டப்புறம் வந்துச்சுன்னா சாம்பல் கலர் ஸ்காட்ச்பிரைட்டால லேசா தேய்ச்சு விட்டா போதும்.

குட்டி குட்டியா கருப்பு புள்ளி

ஸ்டீல் உல் (இரும்பு நார்) யூஸ் பண்ணியிருப்பீங்க. அதோட இழை உடைஞ்சு நார்ல மாட்டிக்கும், அப்புறம் ஈரமோ ஆசிடோ பட்டதும் ஒவ்வொரு இழையும் துருப்பிடிச்சு கருப்பு புள்ளியாகும். தண்ணி சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் முடிஞ்சு, எண்ணெய் ரெண்டு கோட் ஏறின அப்புறம் ஸ்டீல் உல் எடுத்தா பரவால்ல, அதுவரைக்கும் ஸ்காட்ச்பிரைட்தான். வந்த புள்ளியை ஊசி நுனியால தோண்டி எடுக்கலாம். நிறைய இருந்தா சுரண்டறதை தவிர வழி இல்ல.

அக்வா ஃபோர்ட்டிஸ் போட்டேன், கட்டை பச்சையா, சாம்பலா நிக்குது

இது நின்னு பேச வேண்டிய விஷயம். அக்வா ஃபோர்ட்டிஸ்ங்கிற பேரு நைட்ரிக் ஆசிடுக்கு பழைய பேரு, துப்பாக்கி ஆசாரிங்க அதுல இரும்புத்தூளைக் கரைச்சு மேப்பிளுக்கு கலர் ஏத்தினாங்க. இப்ப அந்த ஆசிட் வேலையெல்லாம் வேணாம், அதே விஷயம் ஃபெர்ரிக் நைட்ரேட்னு கல்லு கல்லா கிடைக்குது, நான் ஒரு பங்கு கல்லுக்கு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி கண்ணாடி பாட்டில்ல கரைச்சு வச்சுப்பேன். கிளவுஸ், கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், வேலையை வெளிய வச்சு செய்யணும், சூடு காட்டும்போது வர்ற புகை நெஞ்சுக்கு ஆகாது.

இது சாயம் இல்ல, பூசினதும் அந்த கலர்ல நிக்க. இது இரும்பு மரத்துக்குள்ள இருக்கிற துவர்ப்போட (டேனின்) சேர்ந்தும், சூட்டுல மாறியும் வர்ற கலர். வாழைக்காய் நறுக்கினா அரிவாள்மணை கறுக்குது பாருங்க, கடுக்காய்த் தண்ணியில இரும்பைப் போட்டா மையாகுது பாருங்க, அதே உறவுதான். பூசினதும் கட்டை மஞ்சளாவோ பச்சை கலந்த சாம்பலாவோ அசிங்கமா ஆகும், நிறைய பேர் இங்கதான் பயந்து கை வைக்கிறாங்க. அது பாதி வழி. காய விட்டுட்டு ஹீட் கன் எடுத்து, ஒரு இடத்துல நிக்காம, நகர்த்திக்கிட்டே இருங்க. ஒரு ரெண்டு விரல் அகலத்துக்கு பச்சை அப்படியே செம்பழுப்பா மாறி ஓடும், அடுப்புல அப்பளம் பொங்கி ஓடற மாதிரி ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரத்துக்கு அந்த நிறம் நகர்றதை கண்ணால பார்க்கலாம். நான் முதல் தடவை பார்த்தப்ப கையில ஹீட் கன்னை வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன், மரத்துக்குள்ள இருந்த வரி எல்லாம் எழுந்து வந்துச்சு. அந்த மாற்றம் நிக்கிற வரைக்கும் காட்டுங்க. இன்னும் பச்சை எங்கயாவது நிக்குதுன்னா அங்க சூடு பத்தல, அவ்வளவுதான், மறுபடி காட்டினா மாறும். லாக் குழி ஓரம், கார்விங் பள்ளம், ராம்ராட் தொண்டை, இங்கெல்லாம் தேடுங்க.

முழுக்க சூடு காட்டியும் வெளிறியே இருக்குன்னா உங்க மேப்பிள்ல துவர்ப்பு கம்மி. டேனிக் ஆசிட் பவுடர் தண்ணியில கரைச்சு முதல்ல ஒரு கோட் பூசி காய விட்டு, அது மேல இரும்புத் தண்ணியைப் பூசினா வரி தூக்கலா வரும். திக்கா போட்டா ரொம்ப கறுத்துடும், அதனால கட்டை செதுக்கும்போது விழுந்த துண்டுல சோதிச்சுட்டு கட்டைக்கு வாங்க. அதே மரத்துத் துண்டா இருக்கணும், வேற மேப்பிள் துண்டு வேற கலர்தான் காட்டும். வால்நட்டுக்கு இந்த வேலையே வேணாம், அதுல துவர்ப்பு ஏற்கனவே நிறைய, கறுத்துப் போயிடும்.

விளிம்பு தீய்ஞ்சு கருப்பாச்சுன்னா அது சூட்டால, கலரால இல்ல. மூக்குப் பக்கம், அதாவது முன் நுனியில, கட்டையோட சுவர் எட்டுல ஒரு இஞ்ச் கனம்தான் இருக்கும், சில கட்டையில அதுவும் இருக்காது, கனமான பட் பக்கம் (தோள்ல வைக்கிற பின்பக்கம்) காட்டுற சூட்டை அங்க காட்டக் கூடாது. தீய்ஞ்சது பெரும்பாலும் தோல் ஆழம்தான், சுரண்டினா போயிடும்.

சூடு முடிஞ்சதும் ஆசிடை அடக்கணும். ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா, துணியில தொட்டு துடைச்சு, அப்புறம் வெறும் தண்ணியால துடைச்சு, ஒரு நாள் காய விடுங்க. இதை விட்டுட்டா உள்ள மிச்சம் இருக்கிறது மாசக்கணக்குல வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். சோடா அதிகமாப் போனா வெள்ளை வெள்ளையா உப்பு பூக்கும், அது ஈரத்துணிக்கு போயிடும்.

பேரலை மாட்டி வச்சேன், மறுநாள் துரு

மேல சொன்னதை முழுசா அடக்காம மாட்டியிருக்கீங்க. வெளிப்பக்கம் துடைச்சிருப்போம், பேரல் பதியற பள்ளத்துக்குள்ள, லாக் குழிக்குள்ள, ஓட்டைக்குள்ள வழிஞ்சு போன ஆசிடை மறந்திருப்போம். ஒரு பழைய டூத்பிரஷ்ல சோடா தண்ணி தொட்டு குழி எல்லாத்துக்குள்ளயும் தேய்ங்க. காய வச்சு, அந்த குழிகளுக்குள்ள எண்ணெய் ஃபினிஷ் ரெண்டு கோட் போட்டு மூடுங்க. கலர் போடற நேரத்துல எந்த இரும்பும் பித்தளையும் கட்டையில இருக்கக் கூடாது, அதே மேஜையில கூட வேணாம்னு சொல்வேன், பக்கத்துல வச்சிருந்த என் லாக் பிளேட் ஒரே ராத்திரியில ஆரஞ்சு பூத்துச்சு, அது ஆசிட் ஆவி.

சில இடத்துல கலரே ஏறல, வெள்ளைத் திட்டு

பசை. எபாக்ஸியோ சூப்பர் குளூவோ பட்டு, துடைச்சாச்சுன்னு நினைச்சிருப்போம், ஒரு படலம் இருக்கும். பெயர்ந்த மரச் சிம்பை ஒட்டின இடத்தை சுத்தி இதை எப்பவும் எதிர்பாருங்க. ஸ்கிராப்பரால அந்த படலத்தை எடுக்கணும். திட்டு ரிஸ்ட்லயோ பேலன்ஸ் பாயின்ட்லயோ, அதாவது நாம எப்பவும் கட்டையைப் பிடிக்கிற இடத்துல, மங்கலா எல்லை இல்லாம இருந்தா அது கை எண்ணெயும் வேர்வையும். அங்க மினரல் ஸ்பிரிட்ஸால (பெயின்ட் தின்னர் வகை) துடைச்சு லேசா தேய்ச்சா போதும்.

ரொம்ப கறுத்துப் போச்சு, வரி தெரியல

இதுக்கு அழ வேண்டாம், குறைகள்லயே சுலபமா சரியாகுறது இதுதான். முதல்ல ஒரு கோட் எண்ணெய் தடவிப் பாருங்க, காய்ஞ்ச கட்டையோட நிறம் உண்மை நிறம் இல்ல, எண்ணெய் பட்டாதான் தெரியும். அப்புறமும் கறுப்புன்னா மெரூன் கலர் ஸ்காட்ச்பிரைட் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா தேய்ங்க. மேடான இடம் வெளுத்துக்கிட்டே வரும், பள்ளத்துல கருமை நிக்கும், 200 வருஷம் கை பட்டு கை பட்டு தேய்ஞ்ச துப்பாக்கியும் அப்படித்தான் இருக்கும், சீக் பீஸ் விளிம்பும் ரிஸ்ட்டும் வெளுத்து, கார்விங் ஓரம் கறுத்து. நிறைய பேர் வேணும்னே கறுப்பா போட்டுட்டு இப்படி தேய்ச்சு எடுக்கிறாங்க. நானும் இப்ப அந்தப் பக்கம் வந்துட்டேன்.

பட் பிளேட்டுக்கு கீழ, மூக்கு நுனியில, ரிஸ்ட் வளைவுல மட்டும் கறுத்திருந்தா அது நார் நுனி மேல வர்ற இடம், ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சிருக்கு. அடுத்த தடவை அந்த இடத்தை மட்டும் ஒரு நம்பர் கூடுதலா தேய்ச்சுட்டு, கலர் போடற முன்னாடி வெறும் தண்ணியால ஈரம் பண்ணிக்கங்க, கம்மியா குடிக்கும்.

எண்ணெய் போட்டு மூணு வாரம் ஆச்சு, இன்னும் பிசுபிசுக்குது

இந்தக் குறைக்குத்தான் நான் இந்த மொத்தத்தையும் எழுத உட்கார்ந்தேன்னு சொல்லலாம்.

ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், தண்ணி மாதிரி ஆவியாகி காயறது இல்ல. அது காத்துல இருக்கிற ஆக்ஸிஜனை இழுத்து தனக்குள்ளயே பின்னிக்கிட்டு கெட்டியாகுது. அதுக்கு காத்து வேணும், வெளிச்சம் வேணும், கொஞ்சம் சூடு வேணும். கனமா ஒரு கோட் போட்டா மேல தோல் கட்டிடும், தோலுக்குக் கீழ காத்து போகாது, பாலாடைக்கு அடியில பால் இருக்கிற மாதிரி கீழ ஈரமாவே கிடக்கும். பேஸ்மென்ட்ல, இருட்டுல, ஆகஸ்ட் மாச புழுக்கத்துல தொங்க விட்டா கேக்கவே வேணாம்.

முதல்ல பாட்டிலைப் பாருங்க. ரா லின்சீட் ஆயில்னு இருந்தா அது காய வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு ஆகும். பாயில்டுன்னு போட்டிருக்கிறது பேருக்குத்தான், காய்ச்சினது இல்ல, கோபால்ட், மாங்கனீஸ் மாதிரி உலோக உப்பு கலந்து சீக்கிரம் காய வைக்கிறாங்க. பழைய பட்டறைகள்ல ஈய உப்பைப் போட்டு நெஜமாவே காய்ச்சினாங்க, அதை யாரும் வீட்டுல செய்ய வேண்டாம், ஈயம் விஷம், கொதிக்கிற எண்ணெய் தீப்பிடிக்கும்.

சரி, பிசுபிசுக்குற கட்டையை என்ன பண்றது. விரல் நகத்தால ஓரமா ஒரு இடத்துல அழுத்திப் பாருங்க. நகத்தடம் விழுது, ஆனா கையில ஒட்டலன்னா அது காய்ஞ்சுக்கிட்டு இருக்கு, வெயில்ல ஜன்னல் ஓரம் வச்சு ஒரு வாரம் பொறுங்க. பேரலும் பித்தளையும் கழட்டினப்புறம் வைங்க, ரொம்ப உச்சி வெயில் வேணாம், மெல்லிசான முன்கட்டை முறுக்கிக்கும். கையில ஒட்டுது, நூல் இழுக்குதுன்னா இனி காத்திருந்து பிரயோஜனம் இல்ல. மினரல் ஸ்பிரிட்ஸ் இல்ல டர்பென்டைன் நனைச்ச முரட்டுத் துணியால தேய்ச்சு தேய்ச்சு அந்த பிசினை முழுக்க எடுங்க, சாக்குத்துணி இருந்தா ரொம்ப நல்லது. அடியில கலர் ஒண்ணும் ஆகாது, அக்வா ஃபோர்ட்டிஸ் கலர் டர்பென்டைனுக்கு அசையாது. ரெண்டு நாள் காய விட்டு மறுபடி ஆரம்பிங்க.

மறுபடி எப்படின்னா, முதல் கோட் மட்டும் தாராளம், டர்பென்டைன் பாதி கலந்து மரம் குடிக்கிற அளவுக்கு கொடுங்க, கால் மணி நேரம் கழிச்சு மேல நிக்கிறதை ஒரு சொட்டு விடாம துடைங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு கோட்டும் உள்ளங்கையில நாலு சொட்டு, அது போதும் ஒரு பக்கம் முழுக்க. கை சூடாகுற வரைக்கும் தேய்ங்க, துணியால துடைங்க, கட்டை ஈரமா தெரியவே கூடாது. மறுநாள் தொட்டுப் பார்த்து காய்ஞ்சிருந்தாதான் அடுத்தது. ட்ரூ ஆயில் மாதிரி கடையில கிடைக்கிறதும் இதே குடும்பம்தான், சீக்கிரம் காயும், ஆனா அதுலயும் கனமா போட்டா சுருங்கும். வால்நட்டுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல், அதுல கண் தெரியுற மாதிரி துளை இருக்கும், முதல் ரெண்டு கோட்டை எண்ணெயோட 320 உப்புத்தாளால தேய்ச்சா வர்ற சேறு துளையை அடைச்சுடும்.

துடைச்ச துணி. இதை பெரிய எழுத்துல எழுத முடிஞ்சா எழுதுவேன். லின்சீட் துணியை கசக்கி உருண்டையா குப்பைத்தொட்டியில போட்டா தானா தீப்பிடிக்கும், எண்ணெய் காயும்போது சூடு வெளிய விடுது, உருண்டைக்குள்ள சூடு போக வழியில்லாம ஏறிக்கிட்டே போய் பத்திக்கும், நெருப்பு எதுவும் கிட்ட இருக்கணும்னு அவசியமே இல்ல. ஒவ்வொரு துணியையும் விரிச்சு வெளிய வேலியில காயப் போடுங்க, இல்ல தண்ணி நிறைச்ச தகர டப்பாவுல முக்கி மூடி வைங்க. குழந்தைங்க இருக்கிற வீடு, ஒரு நாள் கூட மறக்காதீங்க.

பளபளன்னு பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, தூசி ஒட்டியிருக்கு, கார்விங்ல எண்ணெய் தேங்கியிருக்கு

மூணும் ஒரே காரணம், கோட் கனம். நல்லா காய்ஞ்சப்புறம் சாம்பல் ஸ்காட்ச்பிரைட்டையோ நைஸ் ஸ்டீல் உல்லையோ எண்ணெய்ல தொட்டு தேய்ச்சா பளபளப்பு அடங்கி உள்ளேர்ந்து ஒரு ஒளி வரும், தூசி முள்ளும் போயிடும். கார்விங் பள்ளத்துல தேங்கினதை காய விடவே கூடாது, ஒவ்வொரு கோட் துடைச்ச கையோட வெறும் டூத்பிரஷ்ஷால பள்ளத்தை இழுத்து விடுங்க. காய்ஞ்சு கெட்டியாச்சுன்னா மூங்கில் குச்சியை உளி மாதிரி சீவி, டர்பென்டைன் தொட்டு நோண்டணும், இரும்பு உளி வச்சீங்கன்னா செதுக்கின விளிம்பு போயிடும்.

ஒரு சீசன் சுட்டேன், லாக்கை சுத்தி கறுத்து ஊறிப் போச்சு

இது கட்டினவரோட தப்பு பாதி, சுத்தம் பண்றவரோட தப்பு பாதி. கருமருந்து சுட்டா பேரலை தண்ணி ஊத்தித்தான் கழுவணும், அந்த கரித் தண்ணி டச்ஹோல் வழியா கசிஞ்சு லாக் குழிக்குள்ள இறங்குது, அப்புறம் லாக்குக்கு போடற எண்ணெயும் அங்கயே சேருது. உள்பக்கம் மூடாம விட்ட மரம் ரெண்டையும் குடிச்சு உப்பி மெத்துனு ஆயிடும், நகம் வச்சா உள்ள போகும்.

கறை எண்ணெயா இரும்பான்னு முதல்ல பிரிங்க. லேசா சூடு காட்டுங்க, பளபளன்னு வேர்த்தா எண்ணெய். அதுக்கு சுண்ணாம்புக்கல் பவுடர், அதாவது சாக் பவுடர், அசிட்டோன்ல குழைச்சு சந்தனம் மாதிரி அப்பி காய விடுங்க, பவுடர் எண்ணெயை இழுத்து மஞ்சளா மாறும், தட்டிட்டு மறுபடி அப்புங்க, நாலஞ்சு தடவை ஆகும். அசிட்டோன் பக்கத்துல நெருப்பு கூடாது, சூடு காட்டின ஹீட் கன் ஆறின அப்புறம்தான் பாட்டிலையே திறக்கணும், அப்பின இடத்துல இருக்கிற ஃபினிஷும் போயிடும்னு தெரிஞ்சு செய்ங்க.

வேர்க்கல, நீலம் கலந்த கருப்பா இருக்குன்னா அது இரும்புக் கறை. ஆக்ஸாலிக் ஆசிட் கரைச்சு தடவினா மறையும். ஆனா கவனம், அக்வா ஃபோர்ட்டிஸ் போட்ட கலரே இரும்புதான், ஆக்ஸாலிக் கறையையும் எடுக்கும், உங்க கலரையும் சேர்த்து எடுக்கும். ஒரு மில்லிமீட்டர் கறைக்காக தூரிகை எடுத்து தாராளமா தடவின ஒருத்தர் கட்டையில உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு பார்த்தேன், அவருக்கு அந்தப் பக்கம் முழுக்க மறுபடி கலர் போட வேண்டியதாச்சு. பல் குத்துற குச்சி நுனியில தொட்டு, கறை மேல மட்டும் வைங்க. அது விஷம், கிளவுஸ் போடுங்க, முடிச்சதும் சோடா தண்ணியால துடைங்க.

அப்புறம் லாக் குழி, பேரல் பள்ளம், பட் பிளேட்டுக்கு அடியில இருக்கிற நார் நுனி, பின் போற ஓட்டை, எல்லாத்துக்கும் உள்ள எண்ணெய் ஃபினிஷ் மூணு கோட். பஞ்சு சுத்தின குச்சி இருந்தா ஓட்டைக்குள்ளயும் போகும். வெளிய மட்டும் மூடி உள்ள திறந்து விட்டா மழைக்காலத்துல ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்து முன்கட்டை வளையும், அதுக்கும் இதே மருந்து. இனி கழுவும்போது டச்ஹோல்ல ஒரு பல் குத்துற குச்சியை சொருகிட்டு தண்ணி ஊத்துங்க, லாக்கைக் கழட்டி தனியா வச்சு எண்ணெய் போட்டு, துடைச்சுட்டு, குழிக்குள்ள கொஞ்சம் தேன்மெழுகு தடவி மாட்டுங்க.